ப்ளோஹோல்: ஊதின ஓட்டையும், ஊத வழியில்லாத ஓட்டையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் ஒரே ஒரு வார்த்தை. ப்ளோஹோல்.

இந்த வார்த்தையைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்குத் திமிங்கலம் ஞாபகம் வந்திருக்கும். கார்ட்டூன்ல முதுகுல ஃபவுண்டன் வெச்ச மாதிரி தண்ணி பீய்ச்சி அடிக்குமே, அந்தத் திமிங்கலம். ஆனா கோயம்புத்தூர்ல பட்டறை, பவுண்டரி இருக்கற ஏரியாவுல வளர்ந்தவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, அவங்களுக்குத் திமிங்கலம் வந்திருக்காது. "ஐயோ, எத்தனை பீஸ் போச்சு?"ன்னுதான் மனசுக்குள்ள ஓடியிருக்கும். நான் அந்த ரெண்டாவது குரூப்.

எங்க அப்பா லேத்து பட்டறை வெச்சிருந்தார். ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், தகர ஷெட்டு. அதுக்கு முன்னாடி பதினேழு வயசுல இருந்தே பவுண்டரில மோல்டிங் வேலை. அதனால ப்ளோஹோல்ங்கற வார்த்தையை நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் படிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல கேட்டிருக்கேன். அது இங்கிலீஷ் வார்த்தைன்னே ரொம்ப நாள் தெரியாது. அப்பா சாயங்காலம் வந்து சட்டையைக் கழட்டும்போது "இன்னைக்கு நாலு ப்ளோஹோல்"னு சொன்னா, அம்மா அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க. சாப்பாட்டை எடுத்து வெச்சிடுவாங்க.

அந்தக் கதைக்கு வர்றேன். முதல்ல திமிங்கலத்தை முடிச்சிடலாம், இல்லைன்னா கமெண்ட்ல திட்டுவீங்க.

அது மூக்கு. அவ்வளவுதான். தலை மேல ஏறிப்போன மூக்கு. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி தரையில நாலு காலோட நடந்த விலங்குங்கதான் திமிங்கலத்தோட மூதாதைகள். அதுல ஒண்ணு பாகிசீட்டஸ். பாகிஸ்தான்ல கிடைச்ச ஃபாசில், அதனால அந்தப் பேரு. அதுக்கு மூக்கு நாய் மாதிரி முகத்தோட நுனியிலதான் இருந்துச்சு. அப்புறம் வந்த ஃபாசில்களை வரிசையா வெச்சுப் பார்த்தா, மூக்குத் துளை கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி நகர்ந்து மேல ஏறுது. நீந்திட்டே மூச்சு விடணும்னா அதுதான் வசதி.

நீலத் திமிங்கலம் மாதிரி பல் இல்லாத வகைக்கு ரெண்டு துளை. டால்ஃபின், ஸ்பெர்ம் திமிங்கலம் மாதிரி பல் இருக்கற வகைக்கு ஒண்ணு. வெளியே வர்றது கடல் தண்ணியை உறிஞ்சித் துப்பறது இல்லை. உள்ள இருந்து வர்ற சூடான ஈரக் காத்து குளிர்ந்து பனி மாதிரித் தெரியறது. கூடவே சளி, துளை மேல தேங்கியிருந்த கொஞ்சம் தண்ணி. அந்தச் சளியை டிரோன் வெச்சுப் பிடிச்சு, அதுல இருந்து டி.என்.ஏ, ஹார்மோன் எல்லாம் பார்க்கறாங்க. அந்த டிரோனுக்கு வெச்ச பேரு ஸ்னாட்பாட். சளி ரோபோ. எங்க டீம்ல ரெப்போவுக்குப் பேர் வைக்கறவங்க இதைப் பார்த்துக் கத்துக்கணும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது டிஃபால்ட் நிலை. நம்ம மூக்கு சும்மா விட்டா திறந்திருக்கும். அதுங்களோடது சும்மா விட்டா மூடியிருக்கும், தசையை இறுக்கினாத்தான் திறக்கும். கடலுக்குள்ள வாழறதுக்குச் சரியான டிஃபால்ட். அதோட டால்ஃபின், திமிங்கலத்துக்கு மூச்சு விடறது நமக்கு மாதிரி தானா நடக்கற வேலை இல்லை, ஒவ்வொண்ணும் அது நினைச்சுச் செய்யறது. அதனால மூளையில ஒரு பாதியை மட்டும் தூங்க வெச்சுட்டு, இன்னொரு பாதி முழிச்சிருக்கும்.

இங்க ஒரு விஷயம் மட்டும் நிஜமா ஞாபகம் வெச்சுக்கோங்க. 2016 ஜனவரில தூத்துக்குடி மாவட்டத்துல மணப்பாடு பக்கம் டஜன் கணக்குல பைலட் திமிங்கலங்க கரை ஒதுங்குச்சு இல்லையா? மீனவர்கள் திரும்பத் திரும்பக் கடலுக்குள்ள தள்ளிவிட்டாங்க, பலது திரும்பிக் கரைக்கே வந்துச்சு. அந்த மாதிரி ஒண்ணை நீங்க பார்க்க நேர்ந்தா, பாவம் காயுதேன்னு தலை மேல தண்ணி ஊத்தத் தோணும். ஈரத் துணி போர்த்தத் தோணும். உடம்புக்குப் பண்ணலாம், நல்லதுதான். அந்தத் துளை மேல மட்டும் தண்ணியும் படக்கூடாது, துணியும் படக்கூடாது, மணலும் விழக்கூடாது. அது மூக்கு. வாய் வழியா மூச்சு விட அதுக்கு வழியே கிடையாது.

சரி, அடுத்தது பாறை.

இலங்கையோட தெற்குக் கரையில, திக்வெல்ல பக்கம் குடாவெல்லன்னு ஒரு மீனவக் கிராமம். அங்க ஹும்மானயன்னு ஒரு இடம். ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் போனோம், ஜூலை மாசம். தென்மேற்குப் பருவக்காத்துல கடல் கொந்தளிப்பா இருக்கறப்பதான் அது நல்லா வேலை செய்யும். வழி பூரா பொரிச்ச மீன், இறால் கடைங்க. நாங்க சாப்பிட்டுட்டே நடந்தோம். முதல்ல ஒண்ணும் தெரியலை. சத்தம்தான் வந்துச்சு. "ஹூஊஊ"ன்னு பூமிக்கு அடியில யாரோ பெருமூச்சு விடற மாதிரி. அந்தச் சத்தத்துல இருந்துதான் பேரே வந்துச்சுன்னு அங்க சொன்னாங்க. அடுத்த நொடி பாறை இடுக்குல இருந்து வெள்ளையா ஒரு தூண், தென்னை மர உயரத்துக்கு. எல்லாரும் நனைஞ்சோம். கேமரா பையனோட லென்ஸ் காலி.

வேலை செய்யற விதம் சிம்பிள். கடல் மட்டத்துல பாறைக்கு உள்ள ஒரு குகை. குகையோட கூரையில மேல வரைக்கும் ஒரு விரிசல், புகைபோக்கி மாதிரி. அலை வேகமா உள்ள வந்து வாசலை அடைச்சிடுது. உள்ள மாட்டின காத்துக்குப் போக இடம் இல்லை. அழுத்தம் ஏறுது, தண்ணியையும் தூக்கிக்கிட்டு அந்த விரிசல் வழியா வெளியே அடிக்குது.

ஆஸ்திரேலியால சிட்னிக்குத் தெற்கே கியாமான்னு ஒரு ஊர். அங்க இருக்கறது இன்னும் ஃபேமஸ். 1797 டிசம்பர்ல ஜார்ஜ் பாஸ்னு ஒருத்தர் படகுல வந்து அதைப் பத்தி எழுதி வெச்சார். அங்க வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும், சொல்லவே வேண்டாம். 1992ல அங்க 7 பேர் அலையில அடிச்சுட்டுப் போய் உள்ள விழுந்து இறந்துட்டாங்க. இந்த மாதிரி இடத்துல பிரச்சினை என்னன்னா, பத்து அலை சும்மா இருக்கும். "ப்ச், இவ்வளவுதானா"ன்னு நாம ரெண்டு அடி முன்னாடி போவோம். பதினொண்ணாவதுதான் அடிக்கும். வேலி போட்டிருந்தா வேலிக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. ரீல்ஸ் இங்க இருந்தே நல்லா வரும்.

இன்னும் சில ப்ளோஹோல் இருக்கு, வேகமா சொல்லிட்டுப் போறேன். அமெரிக்கால அரிசோனாவுல வுபாட்கின்னு ஒரு இடத்துல தரையில ஒரு சின்ன ஓட்டை. கீழ பெரிய விரிசல் அமைப்பு. வெளியே காத்தழுத்தம் குறைஞ்சா அந்த ஓட்டை ஊதும், கூடினா உறிஞ்சும். பூமி மூச்சு விடற மாதிரியே இருக்கும். லண்டன்ல 1863ல திறந்த முதல் சுரங்க ரயில் நீராவி இஞ்சின்ல ஓடுச்சு. யோசிச்சுப் பாருங்க, சுரங்கத்துக்குள்ள கரி இஞ்சின். புகை வெளியே போக அப்புறம் ரோட்டுல ஓட்டை போட்டாங்க, அதுக்கும் பேரு ப்ளோஹோல்தான். மேல போற வண்டிக் குதிரைங்க மிரண்டிருக்கு.

இப்ப பட்டறைக்கு வருவோம்.

ஹும்மானயல எடுத்த ஆடியோவை அப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். "அப்பா, இதுக்குப் பேரும் ப்ளோஹோலாம்"னு. ராத்திரி போன் பண்ணார். "ஏன் கண்ணு, அதுல காத்து வெளிய வருதுல்ல? அப்ப அது வென்ட்டு. ப்ளோஹோல்ங்கறது காத்து வெளிய வர முடியாம உள்ளயே உக்காந்துக்கறது"ன்னார்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் நாலு வருஷம் படிச்சேன். கேஸ்டிங் டிஃபெக்ட்ஸ்னு ஒரு யூனிட்டையே மனப்பாடம் பண்ணி எழுதினேன். இதை ஒரு வாத்தியாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. திமிங்கலம், குகை, லண்டன் ரோடு, எல்லாத்துலயும் ப்ளோஹோல்னா ஊதற வழி. வார்ப்புல மட்டும் ஊத வழியில்லாமப் போனதோட தழும்பு.

மணல் அச்சுல இரும்பை உருக்கி ஊத்தறாங்க. 1,300, 1,400 டிகிரி சூடு. மணலைக் கெட்டியாப் பிடிக்க வைக்க அதுல கொஞ்சம் தண்ணி கலந்திருக்கும். தண்ணி ஆவியானா சுமார் 1,700 மடங்கு இடம் கேக்கும். கோர்ல இருக்கற பசை எரிஞ்சு அதுவும் வாயு ஆகும். இது எல்லாம் மணல் வழியா, கம்பியால குத்தி வெச்ச வென்ட் ஓட்டை வழியா வெளியே போகணும். மணல்ல ஈரம் அதிகமாயிட்டா, ரொம்ப இடிச்சு இறுக்கிட்டா, அவசரத்துல வென்ட் குத்த மறந்துட்டா, வாயு திரும்பி இரும்புக்குள்ளயே நுழையும். அதுக்குள்ள இரும்பு உறைஞ்சிடும். உள்ள ஒரு குமிழி. சுவர் வழவழன்னு, சில சமயம் பளபளன்னு கூட இருக்கும். சொரசொரன்னு இருந்தா அது சுருங்கினதால வந்த ஓட்டை, வேற கேஸ். அப்பா விரல் நுனியை உள்ள விட்டுப் பார்த்தே எதுன்னு சொல்லிடுவார்.

இதுல கொடுமை என்னன்னா, பல ப்ளோஹோல் தோலுக்கு ஒரு ரெண்டு மில்லிமீட்டர் அடியில இருக்கும். வெளியே பார்த்தா பீஸ் அழகா இருக்கும். லேத்துல மாட்டி, சென்டர் பார்த்து, முதல் கட்டிங் போட்டு, ரெண்டாவது போட்டு, கடைசி ஃபினிஷிங்ல கண்ணைத் திறந்து பார்க்கும். தப்பு பவுண்டரில நடந்தது. வெளிய வர்றது லேத்துல. ஜாப் ஒர்க் பண்றவங்களுக்குப் பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. பீஸ் ரிஜெக்ட்னா பல இடத்துல அந்தக் கூலி கிடையாது. ஒரு மணி நேரம், கரண்ட், டூல், எல்லாம் போச்சு. புரொடக்‌ஷன்ல பக் வந்தா கடைசியா தொட்டவன் பேர்ல டிக்கெட் போடற மாதிரிதான்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு கம்பெனிக்குப் பம்ப் கேஸிங் வேலை பண்ணிட்டிருந்தார். கம்பெனி பேர் வேண்டாம். 60 பீஸ் லாட். அதுல 11 பீஸ்ல, கேஸ்கெட் உக்கார்ற முகத்துலயே ப்ளோஹோல். அப்பா போன் பண்ணிச் சொன்னார். அங்கிருந்து ஒருத்தர் பைக்ல வந்தார். பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, நாளைக்கு லோடு போகணுங்க. பேஸ்ட் போட்டுத் தேச்சுக் குடுத்துருங்க, நான் பார்த்துக்கறேன்"னார்.

பேஸ்ட்னா இரும்புத் தூள் கலந்த பசை. ரெண்டு டப்பாவுல வரும், கலந்தா கல்லு மாதிரி ஆகிடும். அன்னைக்கு ராத்திரி கலந்து குடுத்தது நான்தான். ஒரு ஐஸ்கிரீம் குச்சியால. எனக்கு அது ஜாலியா இருந்துச்சு, களிமண் வேலை மாதிரி. அப்பா ஒவ்வொரு ஓட்டையா அமுக்கி நிரப்பினார். காலைல எமரி பேப்பர் போட்டுத் தேச்சோம். எது ஓட்டைன்னு எனக்கே தெரியலை. பெருமையா இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இப்ப கூச்சமா இருக்கு.

மூணு வாரத்துல பீஸுங்க திரும்பி வந்துச்சு. பிரஷர் டெஸ்ட்ல லீக். பதினொண்ணும் இல்லை, ஆறோ ஏழோ. ஆனா மொத்த லாட்டுக்கும் கூலியை நிறுத்திட்டாங்க, கேஸ்டிங் விலையையும் அப்பா கணக்குல டெபிட் போட்டாங்க. "பேஸ்ட் போடச் சொன்னது யாருங்க?"ன்னு அப்பா கேட்டார். எழுத்துல ஒண்ணும் இல்லை. பைக்ல வந்தவர் கண்ணைப் பார்க்கலை.

அதுக்கப்புறம் அப்பா ஒரு பழக்கம் ஆரம்பிச்சார். ப்ளோஹோல் தெரிஞ்சா மெஷினை அந்த இடத்துலயே நிறுத்திடுவார். மஞ்சள் சாக்பீஸால சுத்தி ஒரு வட்டம். பக்கத்துல தேதி. அப்படியே திருப்பி அனுப்புவார். சில பேருக்கு அது பிடிச்சது. நிறைய பேருக்குப் பிடிக்கலை, "உங்ககிட்ட குடுத்தா வேலையே முடியறதில்லைங்க"ன்னு வேற பட்டறைக்குப் போயிட்டாங்க. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் ரெண்டு லேத்துல ஒண்ணை வித்தார். ஃபீஸுக்குன்னு சொன்னார். வேலை குறைஞ்சதும் ஒரு காரணம்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது.

இந்த எபிசோடுக்குப் படிக்கும்போது ஸ்காட்லாந்துல டே ஆத்துப் பாலம் பத்தி வந்துச்சு. டண்டீ ஊர்ப் பக்கம், மூணு கிலோமீட்டருக்கு மேல நீளம். 1878ல திறந்தாங்க. கட்டின தாமஸ் பவுச்சுக்கு சர் பட்டம் கிடைச்சது. 1879 டிசம்பர் 28, ஞாயித்துக்கிழமை ராத்திரி புயல்ல நடுப்பகுதி மொத்தமா சரிஞ்சது, மேல போயிட்டிருந்த ரயிலோட. ஒருத்தர் கூடப் பிழைக்கலை. 75 பேர்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க, பேரோட உறுதியானது 59.

விசாரணையில பவுண்டரி ஆட்கள் வந்து சாட்சி சொன்னாங்க. பாலத்தோட தூண்கள் வார்ப்பிரும்பு. வந்த இரும்பு சரியா ஓடலை, கசடு அதிகம். தூண்கள்ல ப்ளோஹோல் வந்துச்சு. அதை ஒரு பசையால நிரப்பினாங்க. அதுக்குப் பேரு பியூமான்ட் எக். தேன்மெழுகு, வயலினுக்குப் போடற ரோசின், பொடி இரும்புத் தூள், கொஞ்சம் விளக்குக் கரி. உருக்கி ஊத்தி, ஆறினதும் தேச்சா இரும்பு மாதிரியே இருக்கும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த மெழுகு மட்டும் பாலத்தைத் தள்ளலை. காத்தோட விசைக்குக் கணக்குல சரியா இடமே விடலை. குறுக்குக் கம்பிகளைப் பிடிச்சிருந்த வார்ப்புக் காதுகள்தான் முதல்ல உடைஞ்சது. பராமரிக்க வெச்ச ஆளு செங்கல் வேலை தெரிஞ்சவர். கம்பிங்க தளர்ந்து ஆடறதைப் பார்த்துட்டு, மேல சொல்லாம அவரே இரும்புத் துண்டு சொருகி இறுக்கி வெச்சார். விசாரணை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூணையும் குத்தம் சொல்லுச்சு. பெரும் பழி பவுச் மேல விழுந்துச்சு, அவர் 1880 அக்டோபர்ல இறந்துட்டார். ஆத்துல விழுந்த இஞ்சினை மட்டும் தூக்கி ரிப்பேர் பண்ணித் திரும்ப ஓட்டினாங்க. அதுக்கு வெச்ச பட்டப்பேரு டைவர்.

அதைப் படிச்சப்ப எனக்கு ஐஸ்கிரீம் குச்சி ஞாபகம் வந்துச்சு. அதோட ஒரு டெஸ்ட் கேஸும். போன மாசம் எங்க டீம்ல பேமென்ட் பக்கம் ஒரு டெஸ்ட், அஞ்சு தடவை ஓட்டினா ஒரு தடவை ஃபெயில் ஆகும். ரிலீஸ் வெள்ளிக்கிழமை. "இப்போதைக்கு ஸ்கிப் போடு, அடுத்த ஸ்பிரின்ட்ல பார்த்துக்கலாம்"னு சொன்னாங்க. போட்டேன். பில்டு பச்சையாச்சு. எது ஓட்டைன்னு பார்த்தாத் தெரியாது.

திங்கக்கிழமை அந்த ஸ்கிப்பை எடுத்துட்டு, டிக்கெட் போட்டு, யார் சொல்லி எப்ப ஸ்கிப் போட்டேன்னு தேதியோட எழுதினேன். ஸ்டாண்டப்ல பத்து செகண்ட் யாரும் பேசலை. அந்த டிக்கெட் இன்னும் ஓப்பன்ல இருக்கு. பில்டு சிவப்பா இருக்கறதுக்கு என்னைத் திட்டிட்டும் இருக்காங்க.

இந்தக் கதையைச் சொல்லலாமான்னு அப்பாகிட்ட கேட்டேன். "கம்பெனி பேரு சொல்லாத"ன்னார். அப்புறம் டே பாலத்துக் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டார். பாலத்தைப் பத்தியோ பவுச்சைப் பத்தியோ ஒண்ணும் கேக்கலை.

"அந்த மெழுகுல என்னென்ன போட்டாங்கன்னு சொன்ன?"

திரும்பச் சொன்னேன். தேன்மெழுகு, ரோசின், இரும்புத் தூள், கரி.

கொஞ்ச நேரம் யோசிச்சார். "கரி கலருக்கு. ரோசின் ஒட்டறதுக்கு. நல்லாத்தான் புடிச்சிருக்கும் கண்ணு. மேல பெயிண்ட் அடிச்சுட்டா நானே கண்டுபிடிக்க மாட்டேன்"னார்.

அடுத்த வாரம் பார்க்கலாம். உங்க வீட்டுத் தொழில்ல, உங்க ஊர்ல மட்டும் வேற அர்த்தத்துல ஓடற இங்கிலீஷ் வார்த்தை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.